பிணை நின்றவன் பெற்ற செங்கோல்

எகிப்து நாட்டிலே, கோசேன் என்னும் மேய்ச்சல் நிலப் பகுதியில், முதியவர் ஒருவர் மரணப் படுக்கையில் கிடக்கிறார். வயது 147. கண்பார்வை மங்கிவிட்டது. பன்னிரண்டு ஆண்மக்களும் படுக்கையைச் சூழ்ந்து நிற்கிறார்கள். பஞ்சம் பிழைக்க வந்த அந்நிய மண்ணிலே, ஒவ்வொரு மகனுக்கும் அவனது சந்ததியின் எதிர்காலம் பற்றி ஒரு வாக்குச் சொல்லிவிட்டே கண்மூட வேண்டுமென்பது அவரது கடைசி விருப்பம். அந்த முதியவர்தான் யாக்கோபு. இஸ்ரவேல் என்னும் மறுபெயரும் அவருக்கு உண்டு. வேதாகமத்தின் முதல் நூலாகிய ஆதியாகமம் தனது 49ஆம் அதிகாரத்தில் இக்காட்சியை நம் கண்முன் நிறுத்துகிறது.

அன்பார்ந்த நேயர்களே, இவ்விடத்தில் சற்று நின்று ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்ப்போம். இப்பன்னிருவருள் அரச உரிமை யாருக்குச் சேர வேண்டும்? கதையை அதுவரை கேட்டு வந்த எவரும் யோசேப்பின் பெயரையே சொல்வார்கள். அண்ணன்மாரால் விற்கப்பட்டு, அடிமையாக உழைத்து, செய்யாத குற்றத்திற்காகச் சிறையிருந்து, ஈற்றில் எகிப்தின் அதிபதியாகி, தன்னை விற்றவர்களுக்கே சோறிட்டவன் அவன். அவனுடைய வாழ்விலே பெரிய கறையொன்றையும் அந்நூல் காட்டவில்லை. யாக்கோபும் யோசேப்பை மனமார வாழ்த்துகிறார். இரட்டைப் பங்கும் கொடுக்கிறார். ஆனால் கோல் மட்டும் அவனுக்குப் போகவில்லை. நான்காவது மகனாகிய யூதாவுக்கே போகிறது. யோசேப்பை விற்றுவிடலாம் என்று யோசனை சொன்ன அதே யூதாவுக்கு!

இது ஏன்? இக்கேள்விக்கு விடை காண வேண்டுமாயின், நாம் கதையின் தொடக்கத்திற்குச் செல்ல வேண்டும்.

ஊர் என்னும் நகரத்திலிருந்து புறப்பட்ட குடும்பம் ஒன்று ஆரானில் தங்கிற்று. அங்கிருந்து ஆபிரகாம் அழைக்கப்பட்டார். அவரது சந்ததி பெருகும் என்றும், பூமியின் வம்சங்கள் யாவும் அவர் வழியாக ஆசி பெறும் என்றும் அவருக்கு ஒரு வாக்கு அருளப்பட்டது. எபிரேய மக்களின் எதிர்பார்ப்பு முழுவதற்கும் ஊற்றுக்கண் இவ்வாக்கே. அது தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கியது. ஆயினும் மூத்தவன் என்பதால் எவரும் அதைப் பெறவில்லை. இஸ்மவேல் இருக்க ஈசாக்கு பெற்றார். ஏசா இருக்க யாக்கோபு பெற்றார். அந்த யாக்கோபும் ஏமாற்றிப் பெற்றவர். பின்னர் தாமே பலமுறை ஏமாற்றப்பட்டவர். குலமுதல்வர்களை மாசற்ற மாமனிதராகக் காட்டும் முயற்சி அந்நூலில் எங்கும் இல்லை.

இம்முதல்வர்களைத் தனிமனிதர்களாக உறுதிப்படுத்தும் சான்று எதுவும் வேதாகமத்திற்கு வெளியே கிடைக்கவில்லை என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. அகழ்வாராய்ச்சி அவர்களுடைய கூடாரங்களைக் கண்டெடுக்கவில்லை. ஆனால் ஒரு மக்கள் கூட்டம் தன் மூதாதையரின் குற்றங்களை இவ்வளவு வெளிப்படையாகத் தன் திருநூலிலே எழுதி வைத்திருப்பது, இலக்கிய மாணவன் எவனும் கூர்ந்து நோக்க வேண்டிய ஒன்று.

யாக்கோபுக்கு இரு மனைவியர் இருந்தனர். அவர் விரும்பி மணந்தவள் ராகேல். மாமனார் வஞ்சகமாகக் கட்டிவைத்தவள் அவளுடைய தமக்கை லேயாள். கணவனின் அன்பு கிட்டாத லேயாள், ஒவ்வொரு பிள்ளை பிறந்தபோதும் இனியாவது கணவன் என்னை நோக்கித் திரும்புவாரா என்று ஏங்கினாள். அந்த ஏக்கத்தையே பிள்ளைகளின் பெயர்களிலும் பொதிந்து வைத்தாள். நான்காம் பிள்ளை பிறந்தபோது மட்டும் ஏக்கத்தை விட்டு இறைவனைத் துதித்தாள். துதி என்னும் பொருள்பட அவனுக்கு யூதா என்று பெயர் வைத்தாள். வேண்டப்படாத மனைவியின் நான்காம் மகன்: இதுதான் யூதாவின் பிறப்புரிமை.

மூத்தவர் மூவரும் தம் செயல்களாலேயே தகுதியிழந்தனர். ரூபன் தந்தையின் மறுமனையாட்டியோடு தகாத உறவு கொண்டான். சிமியோனும் லேவியும் தங்கைக்கு நேர்ந்த அவமானத்திற்குப் பழிவாங்க, சீகேம் நகரத்து ஆண்களை வஞ்சகமாகக் கொன்று குவித்தனர். அப்படியானால் யூதா நல்லவனா? இல்லை. தோத்தானில் தம்பி யோசேப்பைக் குழியில் தள்ளிவிட்டு அண்ணன்மார் உணவருந்த அமர்ந்தபோது, ரூபன் தம்பியை எப்படியாவது காப்பாற்ற நினைத்திருந்தான். யூதாவோ, தம்பியைக் கொல்வதால் நமக்கு என்ன இலாபம் என்று கேட்டான். அவ்வழியே எகிப்துக்குப் போன வணிகருக்கு, பதினேழு வயதுத் தம்பி 20 வெள்ளிக்காசுக்குக் கைமாறினான். பின்பு ஒரு வெள்ளாட்டுக் கடாவைக் கொன்று, அதன் இரத்தத்தில் தோய்த்த அங்கியைத் தந்தையிடம் அனுப்பி, இது உம் மகனுடையதுதானா என்று அடையாளம் பார்க்கச் சொன்னார்கள். தந்தை அடையாளம் கண்டார். அன்று தொடங்கிய அவரது அழுகை ஓயவேயில்லை.

இவ்விடத்தில் கதாசிரியர் வியப்பான ஒரு காரியம் செய்கிறார். யோசேப்பின் கதையைப் பாதியிலே நிறுத்திவிட்டு, ஓர் அதிகாரம் முழுவதையும் யூதாவின் குடும்பக் கதைக்கு ஒதுக்குகிறார். அது 38ஆம் அதிகாரம். தேவாலயங்களில் அதிகம் வாசிக்கப்படாத பகுதி.

யூதாவின் மூத்த மகன் ஏர், தாமார் என்பவளை மணந்து பிள்ளையின்றி இறந்தான். அன்றைய வழக்கப்படி இரண்டாம் மகன் ஓனான் அவளுக்குச் சந்ததி அளிக்கக் கடமைப்பட்டவன். அவன் கடமையைத் தட்டினான், அவனும் இறந்தான். மூன்றாம் மகனையும் இழந்துவிடுவோமோ என்று அஞ்சிய யூதா, அவன் வளரட்டும் என்று சாக்குச் சொல்லி மருமகளைத் தாய்வீட்டிற்கு அனுப்பிவிட்டு, பின்பு அவளை அடியோடு மறந்தான். விதவைக் கோலத்தில் காத்திருந்து காத்திருந்து ஏமாந்த தாமார், ஒருநாள் முக்காடிட்டு வழியோரத்தில் அமர்ந்தாள். அவளைப் பொதுமகள் என்றெண்ணி அணுகிய யூதா, கூலியாக ஒரு வெள்ளாட்டுக் குட்டியை அனுப்புவதாகச் சொன்னான். அதுவரைக்கும் ஈடு என்ன என்று அவள் கேட்டாள். தன் முத்திரையையும், அதன் கயிற்றையும், கையிலிருந்த கோலையும் அவன் கொடுத்தான். குட்டியை அனுப்பியபோது அவளைக் காணவில்லை.

மூன்று மாதங்களின் பின் மருமகள் கருவுற்றிருக்கிறாள் என்ற செய்தி வந்தது. அவளை எரித்துவிடுங்கள் என்று யூதா தீர்ப்பளித்தான். கொண்டு செல்லப்படும்போது அவள் ஈட்டுப் பொருட்களை மாமனாரிடம் அனுப்பி, இவை யாருடையவை என்று அடையாளம் பாருங்கள் என்றாள். இரத்தம் தோய்ந்த அங்கியை அனுப்பியபோது அண்ணன்மார் தந்தையிடம் சொன்ன அதே எபிரேயச் சொற்கள் இவை! தந்தையைச் சுட்ட சொல் மகனிடம் திரும்பி வந்துவிட்டது. யூதா மறுக்கலாம், பொருட்களை மறைத்து அவளை எரிய விடலாம். அவன் அப்படிச் செய்யவில்லை. என்னிலும் அவளே நீதியுள்ளவள் என்று எல்லார் முன்னிலையிலும் ஏற்றுக்கொண்டான். யூதாவின் வாழ்வு திரும்புகின்ற மூலை இதுதான். தாமாருக்குப் பேரேஸ், சேரா என இரட்டையர் பிறந்தனர். அந்தப் பேரேசின் வழியிலேதான் பிற்காலத்தில் தாவீது மன்னன் தோன்றினான்.

பின்பு பஞ்சம் வந்தது. தானியம் வாங்க எகிப்துக்குப் போன சகோதரர், அதிபதி தம் தம்பிதான் என்பதை அறியாது அவன்முன் வணங்கினார்கள். அடுத்தமுறை பென்யமீனையும் அழைத்து வந்தாலன்றித் தன் முகத்தில் விழிக்க முடியாது என்று அவன் சொல்லி அனுப்பினான். ராகேலின் எஞ்சிய ஒரே மகனை அனுப்ப யாக்கோபு மறுத்தார். பென்யமீன் திரும்பாவிட்டால் என் இரு பிள்ளைகளையும் கொன்றுபோடும் என்றான் ரூபன். பேரப்பிள்ளைகளைக் கொல்வதால் எந்தப் பாட்டனுக்கு ஆறுதல் வரும்? யூதா அப்படிப் பேசவில்லை. அவனுக்கு நான் பிணை. என் கையிலே அவனைக் கேளும் என்றான். இரு மைந்தரைப் புதைத்த தகப்பன் பேசும் பேச்சு அது. யாக்கோபு இணங்கினார்.

எகிப்தில் பென்யமீனின் சாக்கிலே அதிபதியின் வெள்ளிப் பாத்திரம் அகப்பட்டது. அது யோசேப்பே வைத்த சோதனை. குற்றவாளி மட்டும் அடிமையாக இருக்கட்டும், மற்றவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்றான் அவன். ராகேலின் மற்ற மகனையும் கைவிட்டுப் போக இதைவிட நல்ல வாய்ப்பு வேறில்லை. அப்போது யூதா முன்னே வந்து பேசினான். ஆதியாகமத்தின் நீண்ட உரைகளுள் ஒன்று அது. தந்தை, தந்தை என்று அவன் வாயில் அச்சொல் மீண்டும் மீண்டும் வருகிறது. அவ்வுரையில் உள்ளத்தைத் தைக்கும் ஓரிடம் உண்டு. என் மனைவி எனக்கு இரண்டு பிள்ளைகளைப் பெற்றாள் என்று தந்தை சொன்னதை யூதா அப்படியே எடுத்துச் சொல்கிறான். அந்த மனைவி ராகேல். அப்படியானால் லேயாள் யார்? லேயாளின் மகன் யூதா யார்? தன்னையும் தன் தாயையும் கணக்கிலேயே சேர்க்காத அந்தச் சொல்லை, யாதொரு கசப்புமின்றி, தந்தையின் துயரத்தை விளக்கும் சான்றாக அவன் எடுத்தாளுகிறான். எந்த ஓரவஞ்சனை முன்பு அவனைத் தம்பியை விற்கத் தூண்டியதோ, அதை அப்படியே ஏற்றுக்கொண்டு, தம்பிக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன் என்கிறான்.

விற்ற நாளிலிருந்து அப்போது சுமார் 22 ஆண்டுகள் கழிந்துவிட்டன. யோசேப்பால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, ஓவென்று அழுது, தன்னை வெளிப்படுத்தினான்.

எபிரேய மொழியிலே தாமாரிடம் யூதா வைத்த ஈட்டைக் குறிக்கும் சொல்லும், பென்யமீனுக்காக அவன் பிணை நின்றதைக் குறிக்கும் சொல்லும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. முதலில் பொருளை ஈடுவைத்தவன், பின்பு தன்னையே ஈடுவைக்கிறான். 38ஆம் அதிகாரம் கதையின் நடுவே ஏன் வந்தது என்பது இப்போது விளங்குகிறதல்லவா? அது மாத்திரமன்று. அவன் ஈடுவைத்த பொருட்களுள் ஒரு கோலும் இருந்தது. மரணப் படுக்கையிலே யாக்கோபு, கோல் யூதாவை விட்டு அகலாது என்கிறார். இவ்விரு இடங்களிலும் எபிரேயச் சொற்கள் வேறுவேறு. ஆயினும் இரு சொற்களுக்குமே கோல் என்றும் கோத்திரம் என்றும் பொருள் உண்டு. கோலைக் கைவிட்டு நாணியவனுக்குக் கோல் நிலைக்கும் என்ற வாக்குக் கிடைக்கிறது. நம் மொழியிலே செங்கோல் என்றால் வளையாத கோல். வளைந்த ஒன்று நிமிர்ந்த வரலாறே யூதாவின் வரலாறு.

இனி அந்த வாக்கிற்கு வருவோம். யூதாவைச் சிங்கக்குட்டிக்கு ஒப்பிட்ட யாக்கோபு, ஷீலோ வரும்வரை கோல் அவனை விட்டு நீங்காது, மக்களினங்கள் அவருக்குக் கீழ்ப்படியும் என்கிறார். ஷீலோ என்பதன் பொருள் என்ன? இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அறிஞர்கள் இச்சொல்லோடு மல்லாடியிருக்கிறார்கள். எழுபதின்மர் மொழிபெயர்ப்பு எனப்படும் பழைய கிரேக்க வேதாகமம், அவனுக்கென வைக்கப்பட்டவை என்று விளங்கிக்கொண்டது. இலத்தீனில் பெயர்த்த ஜெரோம், அனுப்பப்பட இருப்பவர் என்றார். லூத்தர் வீரன் என்றார். தமிழ்ப் புரட்டஸ்தாந்து சபைகளில் நெடுங்காலம் வழங்கிவரும் மொழிபெயர்ப்பு, சமாதான கர்த்தர் என்றது. யூதரின் அரமேய மொழிபெயர்ப்பாகிய ஒன்கெலோஸ் தர்கூம், அரசுக்கு உரியவராகிய மேசியா என்றே வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. சாக்கடலருகே கும்ரானில் 1952இல் கண்டுபிடிக்கப்பட்ட நான்காம் குகையின் சுருள்களுள் ஒன்றும் இவ்வாக்கை நீதியின் மேசியாவுக்கும் தாவீதின் கிளைக்கும் உரியதாகவே விளக்குகிறது. ஆகவே இவ்வாக்கை மேசியாவோடு இணைத்தவர்கள் கிறிஸ்தவர்கள் மட்டும் அல்லர். யூதரே அவ்வாறு வாசித்திருக்கிறார்கள்.

இப்பாடல் தாவீதின் அரசு எழுச்சி பெற்ற காலத்தில் வடிவம் பெற்றிருக்கலாம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அப்படியே கொண்டாலும், அவ்வாக்கு அக்காலத்தோடு முடிந்துபோகவில்லை. கி.மு. 1000 அளவில் யூதா கோத்திரத்துத் தாவீது அரசனானான். 1993இல் வட இஸ்ரவேலின் தேல் தானில் கிடைத்த அரமேயக் கல்வெட்டுத் துண்டு தாவீதின் வீட்டைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதாகவே அறிஞர் பலரும் வாசிக்கின்றனர். ஆனால் கி.மு. 586 அளவில் பாபிலோனியர் எருசலேமைத் தீயிட்டார்கள். கடைசி அரசன் சிதேக்கியா கண்கள் பிடுங்கப்பட்டுச் சிறை சென்றான். கோல் விழுந்தது. அவ்வீழ்ச்சிக்கு முன்பே எசேக்கியேல் தீர்க்கதரிசி, முடியைக் கழற்று, அதற்கு உரியவர் வரும்வரை அது யாருக்கும் இல்லை என்ற கருத்தில் பேசினார். யாக்கோபின் பழைய வாக்கு அங்கே எதிரொலிக்கிறது. அரசன் இல்லாத நாட்டிலே அரசனைப் பற்றிய நம்பிக்கை வளர்ந்தது என்பது வரலாற்றின் விந்தை.

கிறிஸ்தவர் இவ்வாக்கைக் கையாண்ட விதம் எப்போதும் பெருமைக்குரியதாக இருக்கவில்லை. நான்காம் நூற்றாண்டுத் திருச்சபை வரலாற்றாசிரியர் யுசேபியு போன்றோர், யூதரல்லாத வம்சத்து ஏரோது அரசனானபோது கோல் நீங்கியது, உடனே கிறிஸ்து பிறந்தார் என்று கணக்கிட்டனர். அக்கணக்கே பின்பு வாதத்திற்குரிய ஆயுதமாயிற்று. 1263இல் பார்சலோனாவில், அரகோன் மன்னன் முதலாம் ஜேம்ஸ் முன்னிலையில், கிரோனா நகரத்து யூத அறிஞர் நஹ்மானிடிஸ் விவாதத்திற்கு நிறுத்தப்பட்டார். யூதராய்ப் பிறந்து டொமினிக்கன் துறவியான பப்லோ கிறிஸ்தியானி அவர்முன் எடுத்து வைத்த முதல் வசனம் இதுதான். கோல் இடையறாது இருக்கும் என்று வாக்குச் சொல்லவில்லை, பாபிலோனியச் சிறையிருப்பிலேயே அது இல்லாமற் போயிற்றே, அரசுரிமை வேறு கோத்திரத்துக்குப் போகாது என்பதே அதன் கருத்து என்று அவர் பதிலளித்தார். அக்கணக்கைப் பொறுத்தவரை அவர் சொன்னது நியாயமென்றே ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அவருக்குக் கிடைத்த முடிவு நாடுவிட்டுப் போதல். 1267இல் முதுமையில் அவர் எருசலேமை அடைந்தார்.

சகோதரனுக்காகப் பிணை நின்றவன் பெற்ற வாக்கை, அவனுடைய சந்ததிமீதே தடியாக வீசியது எத்தகைய முரண்! அவ்வசனத்தை எடுத்தவர்கள் 49ஆம் அதிகாரத்தை வாசித்தார்கள். 44ஆம் அதிகாரத்தை மறந்தார்கள்.

கிறிஸ்தவன் ஒருவன் யூதாவின் கோலைப் பற்றிச் சிந்திக்கும்போது ஆண்டுக்கணக்கில் தங்கியிருக்கத் தேவையில்லை. கோல் ஏன் யூதாவுக்கு வந்தது என்று கேட்டால் போதும். தம்பிக்குப் பதிலாக நான் என்று சொன்ன நாளிலே அவன் அரசனாகத் தகுதி பெற்றான். அப்போது தன்னைக் குறிக்க அவன் சொன்ன அடிமை என்னும் எபிரேயச் சொல்லையே, பிறருடைய பாவங்களைச் சுமக்கும் கர்த்தரின் தாசனைக் குறிக்க ஏசாயாவின் 53ஆம் அதிகாரப் பகுதியும் ஆளுகிறது. யூத வாசகர் பலர் அத்தாசனை இஸ்ரவேல் மக்களாகக் காண்பர். கிறிஸ்தவர் அவனிலே சிலுவையில் மாண்ட இயேசுவைக் காண்பர். எபிரெயருக்கு எழுதிய நிருபம் இயேசுவைப் பிணையாளி என்றே அழைக்கிறது. வெளிப்படுத்தின நூலிலே யூதா கோத்திரத்துச் சிங்கம் என்று அறிவிக்கப்பட்டவரைப் பார்க்க யோவான் நிமிரும்போது, அங்கே நிற்பது அடிக்கப்பட்ட ஆட்டுக்குட்டி. யூதாவின் கதையை அறிந்தவர்க்கு அது வியப்பாக இராது.

புதிய ஏற்பாட்டின் முதற் பக்கத்தை மத்தேயு வம்ச வரலாறாக எழுதினார். பெயர்கள் நிறைந்த அப்பக்கத்தைப் பலர் புரட்டிவிட்டுப் போவதுண்டு. ஆனால் அங்கே தாமாரின் பெயர் இருக்கிறது. பெருமை தராத அக்கதையை மறைக்க மத்தேயு விரும்பவில்லை. இன்னொன்றும் உண்டு. யாக்கோபு பெற்றது யூதாவை என்று மட்டும் எழுதி அவர் நிறுத்தவில்லை. யூதாவையும் அவன் சகோதரரையும் என்று எழுதினார். வம்சாவளிக்குச் சகோதரர் தேவையில்லை. யூதாவுக்கு அவர்கள் தேவைப்பட்டார்கள். அவர்களுள் ஒருவனை விற்றதனால் அவன் வீழ்ந்தான். இன்னொருவனுக்காகப் பிணை நின்றதனால் எழுந்தான். மேசியாவின் பிறப்பைச் சொல்லத் தொடங்கும் நூல், அச்சகோதரர்களை விட்டுவிட்டு அவனது பெயரை எழுத மனம் கொள்ளவில்லை.